அவளைக் கேட்டவர் யார்?

1884-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. என் மனைவி என்னோடு வந்து வாழ மறுக்கிறாள், அவளை அனுப்பிவைக்க உத்தரவிட வேண்டும் என்று தாதாஜி பிகாஜி என்பவர் கேட்டிருந்தார். மனைவியின் பெயர் ருக்மாபாய். கல்யாணம் நடந்தபோது அவருக்கு வயது 11, மாப்பிள்ளைக்கு 19. அதற்குப் பிறகும் தாய் வீட்டிலேயே இருந்தார். தாயின் இரண்டாவது கணவரான மருத்துவர் சகாராம் அர்ஜுன் அவருடைய படிப்புக்குத் துணை நின்றார். புகுந்த வீட்டுக்கு வா என்று கூப்பிட்டபோது, விவரம் தெரியாத வயதில் மற்றவர்கள் செய்துவைத்த கல்யாணத்துக்கு நான் கட்டுப்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

1885-ல் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வந்தது. 1887-ல் நீதிபதி ஃபாரன், கணவனிடம் போக வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்றார். சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். நாடு இரண்டாகப் பிரிந்து நின்று சண்டை போட்டது. ஆங்கிலப் படிப்பு பெண்ணைக் கெடுத்துவிட்டது, இந்து தர்மத்துக்கு ஆபத்து வந்துவிட்டது என்ற தரப்பில் திலகரும் அவருடைய பத்திரிகைகளும் இருந்தன. அந்தத் தரப்பு கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. சேர்ந்து வாழ மறுக்கும் மனைவியை வழக்குப் போட்டு இழுத்து வரும் முறை இங்கிலாந்தின் தேவாலய நீதிமன்றங்களிலிருந்து இங்கே இறக்குமதியானது. அதற்காக அவளைச் சிறையில் போடச் சொல்லும் தர்ம சாஸ்திரம் எதுவும் இல்லை. நம் மரபைக் காப்பாற்ற என்று தூக்கிய ஆயுதம் வெள்ளைக்காரனின் ஆயுதம்.

1888-ல் 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு தாதாஜி வழக்கை முடித்துக்கொண்டார். ருக்மாபாய் லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல ஆண்டுகள் மருத்துவராக வேலை பார்த்தார். 1955-ல் இறந்தார்.

குழந்தைத் திருமணம் பற்றி இந்தியாவில் நடந்த ஒவ்வொரு விவாதத்திலும் இந்த வழக்கின் சாயல் இருக்கிறது. ஒரு பக்கம், இது எங்கள் பண்பாடு, நீங்கள் யார் கேட்க என்பார்கள். மறு பக்கம், இது காட்டுமிராண்டித்தனம், உங்களைத் திருத்த வந்திருக்கிறோம் என்பார்கள். இரண்டு பக்கமும் பெரியவர்கள். யாரைக் கட்டிக்கொடுத்தார்களோ அவள் சொன்னதைத் தன் வாதத்தின் மையத்தில் வைத்தவர்கள் இரு தரப்பிலும் குறைவு.

சென்னை மாகாணத்தின் அன்றைய நிலையைப் பார்ப்போம். பெண் பூப்படையும் முன்பே கன்னிகாதானம் செய்துவிட வேண்டும், தவறினால் தகப்பனுக்கு நரகம் என்ற நம்பிக்கை பிராமணக் குடும்பங்களையும், அவர்களைப் பார்த்து மேல்நிலைக்கு வர நினைத்த சில சாதிகளையும் பிடித்து ஆட்டியது. தமிழ்நாட்டின் பெரும்பாலான உழைக்கும் சாதிகளில் பெண் சமைந்த பிறகுதான் கல்யாணம். தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கொடுப்பார்கள். அதிலும் 14, 15 வயதில் கட்டிக்கொடுப்பது சாதாரணமாக நடந்தது. ஆனாலும் ஆறு வயதுப் பெண்ணை மடியில் உட்காரவைத்துத் தாரைவார்ப்பது ஊர் முழுவதற்கும் பொதுவான வழக்கமாக இருந்ததே இல்லை. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னாளில் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் ஒரு சிறு பகுதியின் வழக்கத்தை எல்லோருக்கும் உரிய பண்பாடாக ஆக்கிப் பேசினார்கள்.

1897-ல் பாரதிக்குக் கல்யாணம் நடந்தபோது செல்லம்மாளுக்கு ஏழு வயது. 1909-ல் கணித மேதை ராமானுஜன் ஜானகியைக் கைப்பிடித்தபோது ஜானகிக்குப் பத்து. ஜானகியின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கல்யாணம் ஆன பிறகும் பெற்றோர் வீட்டில் இருந்து, 1912 வாக்கில்தான் கணவனோடு வாழ வந்தார். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார். ஐந்து வருடம் கழித்து, 1919-ல், நோயாளியாகத் திரும்பி வந்தார். 1920 ஏப்ரலில் இறந்தார். 21 வயதில் விதவையான ஜானகி தையல் கற்றுக்கொண்டு, சென்னை திருவல்லிக்கேணியில் அதைவைத்துப் பிழைத்து, 1994 வரை உயிரோடு இருந்தார். கணவனோடு வாழ்ந்த காலத்தைக் கூட்டினால் மூன்று வருடம் சொச்சம். விதவையாக வாழ்ந்தது எழுபத்து நான்கு வருடம். ராமானுஜனைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். அந்தப் பத்து வயதுச் சிறுமியிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா என்பதற்கு அவற்றில் பதில் இல்லை, அப்படி ஒரு கேள்வியே அந்தக் காலத்தில் எழவில்லை என்பதால்.

கேள்வியை எழுப்பியவர்கள் உள்ளேயிருந்துதான் வந்தார்கள். சகோதரி சுப்புலட்சுமி 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம், கையோடு வைதவ்யம். தந்தை அவருக்கு மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்காமல் படிக்கவைத்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்களில் ஒருவரான அவர், பிராமணக் குழந்தை விதவைகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார். பிறகு அது திருவல்லிக்கேணிக் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு இடம் மாறியது. இன்று அந்தக் கட்டடம் விவேகானந்தர் இல்லம். எத்தனையோ பெண்கள் அந்த விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியைகளாக வெளியே போனார்கள். சாஸ்திரம் தெரியாத வெளியாள் வந்து சொன்னார் என்று சுப்புலட்சுமியை ஒதுக்கிவிட யாராலும் முடியவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை வேறு. புதுக்கோட்டையில் பிறந்து, வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டிலேயே படித்துத் தேர்வு எழுதி மருத்துவரானவர். 28 வயதில், தன் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டவரைத்தான் மணந்தார். சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்தபோது, 1928-ல், திருமண வயதைப் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று உயர்த்தும் சட்டம் வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். செங்கல்பட்டில் 1929-ல் கூடிய சுயமரியாதை மாநாடும் பெண்ணின் திருமண வயதை உயர்த்தக் கோரியது. அடையாறில் 1917-ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், மனுக்கள் அனுப்பியும் கூட்டங்கள் நடத்தியும் இதை விடாமல் பிடித்துக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் மேயோ வந்து சேர்ந்தார். 1927-ல் வெளியான அவருடைய புத்தகம், குழந்தைத் தாய்மார்களின் அவலத்தை விவரித்து, இந்தியர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளத் தகுதியற்றவர்கள் என்ற முடிவுக்கு வாசகனைக் கொண்டுபோய்விட்டது. சாக்கடையைத் திறந்து பார்க்க வந்த ஆய்வாளரின் அறிக்கை என்று காந்தி அதைக் கண்டித்தார். முத்துலட்சுமிக்கும் மாதர் சங்கத்துக்கும் இதனால் வந்த சங்கடம் சாதாரணமானதல்ல. மேயோ சொன்ன நோய் உண்மை. அதை வைத்து அவர் நீட்டிய மருந்து அடிமைத்தனம். சீர்திருத்தம் பேசினால் மேயோவுக்குத் துணை போவதாகச் சொல்வார்கள். வாயை மூடிக்கொண்டால் பிரசவத்தில் சிறுமிகள் செத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண்கள் இரண்டு பக்கமும் சண்டை போட்டார்கள். மேயோவைக் கண்டித்துக் கூட்டம் நடத்தினார்கள், சட்டத்துக்காகவும் கூட்டம் நடத்தினார்கள். இந்திய மாதர்களின் அரசியல் முதிர்ச்சியைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மேயோவின் மேற்குலகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். 1929 மே மாதம் வரை இங்கிலாந்துச் சட்டப்படி பெண்ணின் திருமண வயது 12, ஆணுக்கு 14. அந்த ஆண்டுதான் அதை 16 ஆக்கினார்கள். அதே 1929-ன் செப்டம்பரில் இந்தியாவின் மத்திய சட்டமன்றத்தில் ஹர் பிலாஸ் சார்தாவின் மசோதா நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. நாகரிகம் மேற்கிலிருந்து கிழக்குக்குப் போதிக்கப்பட்டது என்ற கதை இந்த ஒரு வருடத்தின் முன் நிற்காது. நடைமுறையில் இங்கிலாந்தில் அந்த வயதில் கல்யாணம் நடப்பது அபூர்வம்தான். சட்டம் மட்டும் இருந்தது. இங்கே வழக்கம் இருந்தது, சட்டம் இல்லை.

சார்தா மசோதாவின் எதிரிகள் சாமானியர்கள் அல்லர். சென்னையிலிருந்து போன எம்.கே. ஆச்சார்யா சட்டமன்றத்தில் சாஸ்திரத்தின் பேரால் கடுமையாக எதிர்த்தார். மசோதா தொடக்கத்தில் இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. பின்பு எல்லா மதத்தாருக்கும் பொதுவாக்கினார்கள். அப்போது முஸ்லிம் உறுப்பினர்களில் ஒரு பகுதியினரும் எங்கள் மதச் சட்டத்தில் கைவைக்காதே என்றார்கள். இரண்டு மதத்து ஆண்களும் ஒத்துப்போன விஷயங்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை. இதில் ஒத்துப்போனார்கள்.

சட்டம் வந்தது, ஆனால் பல் இல்லாமல் வந்தது. அரசாங்கத்துக்கு மதத் தலைவர்களைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. போலீஸ் தானாகத் தலையிட முடியாது. யாராவது ஒரு வருடத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் 100 ரூபாய் வரை பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு 100 ரூபாய் பலருக்குச் சில மாதச் சம்பளம். பக்கத்து வீட்டுக்காரன் மகள் கல்யாணத்தை நிறுத்த யார் பிணை எழுதிக் கொடுப்பார்கள்? கட்டிய தாலியும் செல்லும். ஒப்புதல் கிடைத்ததற்கும் 1930 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்ததற்கும் நடுவே ஆறு மாதம் இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் நாடெங்கும் குழந்தைக் கல்யாணங்கள் அவசர அவசரமாக நடந்து முடிந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மணமான சிறுவர் சிறுமியரின் எண்ணிக்கை எகிறியிருந்தது. அமலுக்கு வந்த பிறகு, வசதி உள்ளவர்கள் எல்லை தாண்டினார்கள். பிரிட்டிஷ் சட்டம் செல்லாத சமஸ்தானங்களுக்கும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதிகளுக்கும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்த் தாலி கட்டிவிட்டுத் திரும்பினார்கள். 1938-ல் திருத்தம் வந்துதான் ஓட்டைகளில் சிலவற்றை அடைத்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே தடையுத்தரவு வாங்கவும் அதில்தான் வழி பிறந்தது.

பெண்ணின் வயது 1949-ல் 15 ஆனது, 1978-ல் 18 ஆனது. சார்தா சட்டத்தை எடுத்துவிட்டு 2006-ல் கொண்டுவந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2007 நவம்பரில் அமலானது. இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், மாவட்டந்தோறும் தடுப்பு அலுவலர்.

இன்று என்ன நிலை? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுள்ள இந்தியப் பெண்களில் 18 நிறையும் முன் மணம் ஆனவர்கள் 2005-06-ல் 47.4 விழுக்காடு. 2019-21-ல் 23.3. பதினைந்து வருடத்தில் பாதியானது. மேற்கு வங்கத்திலும் பிகாரிலும் அப்போதும் 40-க்கு மேல். தமிழ்நாட்டில் 12.8. எட்டுப் பெண்ணில் ஒருத்தி. பெரியார் மண் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இந்த எண்ணைக் கண்டு வெட்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு குழந்தைத் திருமணம் எப்படி நிற்கிறது, எப்படி நிற்காமல் போகிறது என்று பாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு அழைப்பு வரும். பெரும்பாலும் பெயர் சொல்லமாட்டார்கள். பள்ளித் தோழியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், சில நேரம் பெண்ணே கூப்பிட்டிருப்பாள். முகூர்த்தம் விடிகாலை நாலரை ஆறு என்பதால் முதல் நாள் இரவே சமூக நலத் துறை ஊழியர், குழந்தைகள் உதவி மையத்துக்காரர்கள், கிராம நிர்வாக அலுவலர், ஒரு போலீஸ்காரர் என்று கிளம்பிப் போவார்கள். வாசலில் வாழை மரம் கட்டியிருக்கும். விசாரித்தால், காதுகுத்து என்பார்கள், மஞ்சள் நீராட்டு என்பார்கள், இல்லை, வெறும் நிச்சயம்தான் என்பார்கள்.

"பொண்ணுக்கு என்ன வயசும்மா?"

"பதினெட்டு முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு மேடம்."

"டிசி எடுத்துட்டு வாங்க."

"அது ஸ்கூல்லயே இருக்கு மேடம். ஆதார் தர்றேன், பாருங்க."

ஆதாரில் திருத்தியிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் காணாமல் போயிருக்கும். பந்தியில் இலை போட்டாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியாயிற்று. "இப்ப நிறுத்துனா இந்தப் பொண்ண நாளைக்கு யாரு கட்டுவா, நீங்க வந்து கட்டிவைப்பீங்களா?" என்று பெரியப்பாவோ சித்தப்பாவோ கத்துவார். கடைசியில் 18 முடியும் வரை நடத்தமாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குவார்கள். பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துவார்கள். பல இடங்களில் கதை அங்கே முடிந்துவிடும். சில இடங்களில் இரண்டு வாரம் கழித்து, வேறு மாவட்டத்துக் கோயில் ஒன்றில், பத்துப் பேரோடு தாலி ஏறிவிடும்.

அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் காரணத்தில் இருக்கிறது. 1929-ல் தகப்பன் நரகத்துக்குப் பயந்தான். இன்று மகளைப் பதினாறில் கட்டிக்கொடுக்கும் தகப்பன் சாஸ்திரத்தைப் பற்றி நினைப்பதே இல்லை. அவன் பயப்படுவது செல்போனுக்கு, பஸ் ஸ்டாப்புக்கு, வேறு சாதிப் பையனுக்கு. யாரோடாவது ஓடிவிட்டால் குடும்ப மானம் போய்விடும் என்று கணக்குப் போடுகிறான். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இந்தப் பயம் எவ்வளவு வேகமாகக் கல்யாணமாக மாறியது என்பதை ஆசிரியர்கள் கண்ணால் பார்த்தார்கள். பள்ளி திறந்த அன்று சில பெண்கள் வரவில்லை. சிலர் கழுத்தில் கயிறோடு வந்தார்கள். வறுமையும் காரணம்தான். பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போனால் பெண்ணை யாரிடம் விட்டுப் போவது என்ற கேள்வி உண்மையான கேள்வி. ஆனால் சாதியைக் காப்பாற்றவே நடக்கும் கல்யாணத்தையும் சேர்த்துப் பாதுகாப்பு என்ற பெயரில் மூடிவைக்கிறார்கள். மதம் விட்டுக்கொடுத்த இடத்தில் சாதி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு மாற்றம் சிக்கலானது. இப்போது பிடிபடும் திருமணங்களில் ஒரு பகுதி பெற்றோர் செய்துவைத்தவை அல்ல. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் தாங்களே போய்க் கட்டிக்கொண்டது. வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று பயந்து ஓடியிருப்பார்கள். பெண்ணின் தகப்பன் போலீசுக்குப் போகிறான். 2012-ன் போக்சோ சட்டம் பையன் மேல் பாய்கிறது. 18-க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. குழந்தையைக் காப்பாற்ற எழுதிய சட்டம் சாதி மீறியதற்குத் தண்டனையாகப் பயன்படுகிறது. கர்ப்பத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் வயது பதிவாகும், தகவல் போலீசுக்குப் போகும் என்று பயந்து, சில பெண்கள் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. சின்ன வயதுக் கர்ப்பத்தின் ஆபத்தைத் தடுக்கத்தானே இத்தனை சட்டமும்? மருத்துவம் கிடைக்காமல் போனால் சட்டத்தின் நோக்கமே கெட்டுவிடுகிறது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் போலீசிடம் வெளிப்படுத்த வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஓரளவு ஆறுதல்.

பண்பாட்டுச் சார்பியல் என்ற கொள்கைக்கு இங்கே வருகிறேன். ஒரு சமூகத்தின் வழக்கத்தை அந்தச் சமூகத்தின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும், வெளியாள் தன் அளவுகோலைக் கொண்டுவந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம். காலனியாதிக்கத்தின் திமிருக்கு எதிராக எழுந்த கொள்கை. மேயோவைப் படித்த யாருக்கும் அதன் நியாயம் புரியும். 1947-ல் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனம் எழுதிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க மானுடவியல் சங்கம் ஓர் அறிக்கை அனுப்பியது. மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் வரைந்தது. மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளவர்களின் மதிப்பீடுகளை உலகம் முழுவதற்கும் எப்படிப் பொதுவாக்குவீர்கள் என்று கேட்டது.

அதே பிரகடனத்தின் 16-ஆம் பிரிவு, உரிய வயது வந்த ஆணும் பெண்ணும், இருவரின் முழுச் சம்மதத்தோடும் மட்டுமே மணம் செய்ய வேண்டும் என்கிறது. அதற்காக நின்று பேசியவர்களில் ஒருவர் பாகிஸ்தானின் பேகம் ஷாயிஸ்தா இக்ரமுல்லா. குழந்தைத் திருமணத்தையும் கட்டாயத் திருமணத்தையும் தடுக்க அந்தப் பிரிவு உதவும் என்பது அவர் வாதம். பிரகடனத்தை வரைந்த மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் இருந்தவர் ஹன்சா மேத்தா. 'எல்லா ஆண்களும்' என்று இருந்த முதல் வாக்கியத்தை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றவைத்தவர். கிழக்கின் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் கவலைப்பட்ட அதே சமயத்தில், கிழக்கிலிருந்து வந்த பெண்கள் தங்கள் நாட்டுச் சிறுமிகளுக்காக உலகச் சட்டம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கச் சங்கமும் பின்னாளில், 1999-ல், மனித உரிமைகளை ஆதரித்து வேறு பிரகடனம் வெளியிட்டது.

வெளியாளுக்கு அந்தக் கொள்கை சொல்லும் பாடம் எனக்கு ஏற்புடையது. தெரியாத ஊரைப் பற்றி வாய் திறக்கும் முன் கற்றுக்கொள், உன் வீட்டையும் பார். அமெரிக்காவில் 2018 வரை எந்த மாநிலமும் 18-க்குக் கீழ் திருமணத்தை விதிவிலக்கு இல்லாமல் தடை செய்திருக்கவில்லை. டெலவேர்தான் முதலில் செய்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 18 கட்டாயமானது 2023 பிப்ரவரியில். ஆனால் அதே கொள்கையை உள்ளூர் ஆண் தன் கேடயமாக எடுக்கும்போது நான் ஏற்கமாட்டேன். பண்பாட்டின் பெயரால் பேசுகிறவர் யார், அதற்கு விலை கொடுக்கிறவர் யார் என்று பார்த்தால் போதும். சார்தா மசோதாவை எதிர்த்துப் பேசிய ஆண்களில் ஒருவர்கூடப் பதின்மூன்று வயதில் பிரசவ வலி கண்டிருக்க முடியாது. சுப்புலட்சுமியும் அதே பண்பாட்டில் பிறந்தவர்தான். அவர் சொன்னதும் பண்பாட்டின் குரல்தான்.

நம் மொழி பேசும் முஸ்லிம் பெண்கள் இலங்கையில் நடத்தும் போராட்டம் இதற்கு இன்றைய சாட்சி. அந்நாட்டில் 1995-லேயே பொதுத் திருமணச் சட்டத்தின் வயது 18 ஆகிவிட்டது. ஆனால் 1951-ன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் சொல்லவில்லை. 12-க்குக் கீழே என்றால் காதி நீதிபதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். மணப்பெண் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அவளுக்காக வலி, அதாவது தகப்பனோ ஆண் உறவினரோ, போடுவார். இந்தச் சட்டத்தை ஆராய 2009-ல் நீதிபதி சலீம் மர்சூஃப் தலைமையில் அமைத்த குழு அறிக்கை கொடுக்க 2018 ஆயிற்று. பெண்கள் கேட்பதில் இரண்டு விஷயம் முக்கியம்: வயது 18, மணப்பெண்ணின் கையெழுத்து. உள்நாட்டுப் போருக்குப் பிறகு முஸ்லிம் சமூகம் சந்தித்த வெறுப்புப் பிரசாரத்தின் நடுவே இதைக் கேட்பது எளிதல்ல. சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறாய் என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். முத்துலட்சுமிக்கு மேயோவால் நேர்ந்த அதே நெருக்கடி. வெளியே வெறுப்பவனுக்கும் உள்ளே அடக்குபவனுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் நம்பும் மார்க்கத்துக்குள்ளிருந்தே ஆதாரம் எடுத்துப் பேசுகிறார்கள். மார்க்கத்தை விடாமலே உரிமை கேட்கிறார்கள்.

2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் எடுத்த காணொளி எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. ஏறத்தாழ முப்பது வயது ஆணுக்குக் கட்டிவைக்கப்பட்ட பதினாலு வயதுச் சிறுமி அதில் இருந்தாள். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, போகமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவள் கதறுகிறாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ படம் எடுத்ததால் போலீஸ் வந்தது, கைது நடந்தது. படம் எடுக்காத இடங்களில் என்ன நடந்திருக்கும் என்பதை யோசிக்காமல் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. இந்தச் செய்தி வந்தபோது, மலைவாசிகளின் வழக்கம் அப்படித்தான் என்று சமவெளிக்காரர்கள் சிலர் எழுதினார்கள். கதறிய பெண்ணும் அந்த மலைவாசிதான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

சட்டத்தில் இன்னும் கை வைக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. 2006 சட்டப்படி குழந்தைத் திருமணம் தானாகச் செல்லாததாகிவிடாது. பெண்ணைக் கடத்தியோ விற்றோ, நீதிமன்றத் தடையுத்தரவை மீறியோ நடத்தியிருந்தால் மட்டும் செல்லாது. மற்றபடி அவளே நீதிமன்றம் போய் ரத்துக் கேட்க வேண்டும், அதுவும் இருபது வயது முடிவதற்குள். அந்த வயதில் பெரும்பாலும் கையில் ஒரு குழந்தை இருக்கும். கர்நாடகம் தன் மாநிலத் திருத்தத்தின் மூலம் எல்லாக் குழந்தைத் திருமணத்தையும் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று ஆக்கிவிட்டது. தமிழ்நாடும் அப்படிச் செய்ய வேண்டும் என்ற கோரிக்கை கேட்க நன்றாக இருக்கிறது. எனக்குத் தயக்கம் உண்டு. ஏற்கெனவே தாயாகிவிட்ட பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, உன் கல்யாணமே நடக்கவில்லை என்று அரசு சொன்னால் அவள் எங்கே நிற்பாள்? முடிவெடுக்கும் உரிமை அவள் கையிலேயே இருக்கட்டும், கால வரம்பை 25 வரை நீட்டட்டும், வழக்குச் செலவை அரசின் சட்ட உதவி மையம் ஏற்கட்டும் என்பது என் எண்ணம். நிச்சயதார்த்தம் என்ற பெயரில் சிறுமியைப் பேசி முடிப்பதையும் தடை செய்யலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதைச் செய்யலாம். பெண்ணின் வயதை 21 ஆக்க 2021-ல் கொண்டுவந்த மசோதா, அந்த மக்களவையோடு காலாவதியானது. அதற்காக நான் வருந்தவில்லை. 18-ஐயே காப்பாற்ற முடியாதபோது 21 போட்டால், தாங்களே முடிவெடுக்கும் பத்தொன்பது வயதுப் பெண்களைத் தகப்பனின் பிடிக்குள் திருப்பி அனுப்பியதாகும்.

தமிழ்நாட்டில் உண்மையில் வேலை செய்தது பள்ளிக்கூடம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் வந்த திட்டம், படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு உதவித்தொகை கொடுத்தது. படிப்பையும் வயதையும் நிபந்தனையாக வைத்ததால் பல வீடுகளில் கல்யாணம் தள்ளிப்போனது. 2022-ல் அதே பெயரில் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் போடுகிறார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போகிறது. ஆனால் இந்தப் பணம் கிடைக்க முதலில் உயர்நிலைப் பள்ளியை முடிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துபோகும் மலைக்கிராமங்களில், உயர்நிலைப் பள்ளி பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதுவும் மழை பெய்தால் வராது. அங்கே பெண்களுக்கு வார்டனோடு கூடிய உண்டு உறைவிடப் பள்ளி வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே வேண்டும். ஒரு பெண் தொடர்ந்து ஒரு வாரம் வரவில்லை என்றால் அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய் விசாரிக்க ஒரு ஆள் வேண்டும்.